பன்னெண்டு வருஷம் கழிச்சு வில்லை எடுக்குறேன்: அத்தானோட 70 பவுண்டு ஹன்டிங் போவை வாங்கிக்கலாமா?

வயக்காட்டு_வில்

வணக்கம் எல்லாருக்கும். நான் பட்டுக்கோட்டை பக்கம். காலேஜ்ல ரிகர்வ் (ஒலிம்பிக்ஸ்ல அடிக்கிற, நுனி வளைஞ்ச வில்) அடிச்சவன், யுனிவர்சிட்டி டீம் வரைக்கும் போயிருக்கேன், கடைசியா அடிச்சப்ப 40 பவுண்டு லிம்ப் (வில்லோட வளையுற கை), 70 மீட்டர் தூரம். அப்புறம் வேலை, கல்யாணம், அப்பா தவறினதும் ஊருக்கே வந்து வயலும் தோப்பும்னு ஆயிடுச்சு, வில்லைத் தொட்டு பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆகுது. இந்த வருஷம் விஜயதசமிக்கு எங்க ஊர் பெருமாள் குதிரை வாகனத்துல போயி அம்பு போட்டப்ப கூட்டத்துல நின்னு பாத்துட்டு இருந்தேன், அன்னிலேர்ந்து கை சும்மா இருக்க மாட்டேங்குது, திரும்ப ஆரம்பிச்சே ஆகணும்னு முடிவு பண்ணிட்டேன்.

விஷயம் என்னன்னா, எங்க அக்கா வீட்டுக்காரர் டெக்ஸாஸ்ல இருக்காரு, அங்க லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போறவரு. அவரு புது வில் வாங்கிட்டாரு, பழைய காம்பவுண்டை (ரெண்டு முனையிலயும் சக்கரம் வச்ச வில்) பொங்கலுக்கு வரும்போது எனக்குக் கொண்டு வந்து தர்றேங்குறாரு. போட்டோ அனுப்பிருக்காரு, பாக்கவே மிரட்டலா இருக்கு. இழுக்குற பாரம் 60லேர்ந்து 70 பவுண்டு வரைக்கும் வைக்கலாமாம், டிரா லென்த் (நாணை இழுக்குற நீளம்) இப்ப 30 இன்ச்சுல இருக்காம் (அத்தான் ஆறடிக்கு மேல), ஆக்சில் டு ஆக்சில், அதாவது ரெண்டு சக்கர அச்சுக்கும் நடுவுல, 30 இன்ச். சும்மா வர்ற சாமானை வேணாம்னு சொல்லவும் மனசு வரல, ஆனா காம்பவுண்ட் நான் கையில புடிச்சதே இல்ல.

என் உயரம் 5 அடி 6 இன்ச். உடம்பு பரவால்ல, ஆனா வலது தோள்பட்டை ஸ்ப்ரேயர் டேங்க் தூக்கித் தூக்கி கொஞ்சம் பிடிச்சுக்கும். இங்க வேட்டைக்கெல்லாம் இல்லைங்க, அது கூடாதுன்னு தெரியும், தோப்புல டார்கெட் வச்சு அடிக்கணும், அவ்வளவுதான். அத்தான் வில்லையே வாங்கிக்கட்டுமா, இல்ல புதுசா வேற பாக்கட்டுமா, எத்தனை பவுண்டுல ஆரம்பிக்கலாம்? பரண்ல என் பழைய ரிகர்வும் கெடக்கு, அது தேறுமான்னும் தெரியல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கும்மோணம்_கோச்

தம்பி, நல்ல முடிவு, திரும்ப வாங்க. ஆனா அந்த வில் வேணாம். சும்மா வந்தாலும் வேணாம். காரணத்தை சொல்லிடுறேன், அப்பதான் அத்தான்கிட்ட சங்கடமில்லாம பேச முடியும்.

பவுண்டு ரெண்டாவது பிரச்சனை, மொத பிரச்சனை டிரா லென்த். ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டி நடுவிரல் நுனிக்கு நுனி அளந்து அதை 2.5ஆல வகுத்தா உங்க இழுவை நீளம் ஏறக்குறைய வந்துடும். பெரும்பாலும் உயரமும் கைநீட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும், 66 இன்ச்சுன்னா 26.4, அதாவது இருபத்தாறரை. அத்தான் வில் 30. ரிகர்வ்ல இது பெரிய விஷயம் இல்ல, நீங்க எவ்வளவு இழுக்குறீங்களோ அவ்வளவுதான் வரும். காம்பவுண்ட்ல அப்படி இல்ல, கேம் (முனையில இருக்குற சக்கரம்) சுத்தி ஒரு எடத்துல வந்து முட்டி நிக்கும், அதைத்தான் சுவர்னு சொல்றோம், அந்த எடம் உங்க உடம்புக்கு சரியா இருந்தே ஆகணும். மூணரை இன்ச் அதிகமா இருந்தா ஆங்கர் (இழுத்த கை முகத்துல வந்து நிக்கிற எடம்) தாடையில நிக்காம காதுக்குப் பின்னாடி போயிடும், முன்கை முழங்கை பூட்டிக்கும், உடம்பு பின்னால சாயும், நாண் வந்து முன்கையில அறையும், பீப் சைட்டுக்குள்ள (நாண்ல குறி பாக்க இருக்குற ஓட்டை) கண்ணு உக்காராது. அடுத்தவன் செருப்பைப் போட்டுக்கிட்டு ஓட்டப்பந்தயம் ஓடுற கதைதான்.

சில மாடல்ல கேம்ல இருக்குற மாட்யூலை ஸ்க்ரூ கழட்டி சுத்தி வச்சா டிரா லென்த் மாறும், பிரஸ் (லிம்பை அமுக்கி நாணைத் தளர்த்துற கருவி) கூட வேணாம். சில மாடல்ல நீளத்துக்கு தகுந்த மாட்யூலை தனியா வாங்கணும், இன்னும் சிலதுல கேமையே மாத்தணும், அதுக்கு போ பிரஸ் வேணும். அந்த வில் எந்த ரகம்னு அத்தான்கிட்ட கேளுங்க. 26.5 வரைக்கும் இறங்காதுன்னா பேச்சே அங்க முடிஞ்சுது.

இப்ப பவுண்டுக்கு வருவோம். காலேஜ்ல 40 அடிச்சேன்னு சொல்றீங்க. லிம்ப்ல போட்டிருக்குற கணக்கு 28 இன்ச் இழுவைக்கு, ஒரு இன்ச் குறைஞ்சா சுமார் 2 பவுண்டு குறையும், அதனால அப்பவே உங்க விரல்ல 37தான் வந்திருக்கும். அதுவும் தினமும் அடிச்சுக்கிட்டு இருந்த இருபது வயசு உடம்பு. முதுகுல தோள் எலும்பை ஒட்டி இருக்குற சின்னச் சின்ன தசைதான் வில்லை இழுக்குறது, வயல் வேலையில அந்த தசைக்கு வேலையே கிடையாது. மூட்டை தூக்குற பலத்தை நம்பி 60 பவுண்டை இழுத்துட்டு தோள்பட்டை ஜவ்வு போயி ஆறு மாசம் கையைத் தூக்க முடியாம இருந்தவங்கள நான் பாத்திருக்கேன். உங்களுக்கு ஏற்கனவே தோள் பிடிக்குதுன்னு வேற சொல்றீங்க, மொதல்ல ஒரு பிசியோகிட்ட காட்டிட்டு வாங்க, இதை சும்மா சொல்லல.

என் யோசனை, பரண்ல இருக்குற ரிகர்வை இறக்குங்க. ரைசர் (கையில புடிக்கிற நடுப்பகுதி) ஐ.எல்.எஃப் டைப்பா, அதாவது எந்தக் கம்பெனி லிம்பும் மாட்டுற பொது ரகமா இருந்தா லிம்ப் மட்டும் புதுசு வாங்கினா போதும், 24 இல்ல 26 பவுண்டு. வாரத்துக்கு மூணு நாள், அஞ்சு மீட்டர்ல, பேப்பரே ஒட்டாத வெறும் டார்கெட்ல, கண்ணை மூடிக்கிட்டு அடிங்க. எங்க படுதுன்னு பாக்காதீங்க, தோள் எங்க இருக்கு, முதுகு எப்ப இறுகுதுன்னு கவனிங்க. ஒரே செஷன்ல அறுபது அம்பு அடிச்சும் கடைசி அம்பு மொத அம்பு மாதிரியே வந்தா அப்ப 2 பவுண்டு ஏத்துங்க. காம்பவுண்ட் மேல எனக்குக் கோபம் ஒண்ணும் கிடையாது, 2023ல பெர்லின் உலக சாம்பியன்ஷிப்ல அதிதி சுவாமியும் ஓஜாஸ் தேவ்தாலேயும் தங்கம் வாங்கினது காம்பவுண்ட்லதான், 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்லயும் காம்பவுண்ட் மிக்ஸ்டு டீம் வந்துடுச்சு. ஆனா நீங்க போக வேண்டிய வரிசை இதுதான்.

மன்னார்குடி_மிச்சிகன்

வணக்கம் அண்ணே, நான் மன்னார்குடி, இப்ப மிச்சிகன். கோச் சார் சொன்னதுல அந்த வில் வேணாம்ங்குறது நூத்துக்கு நூறு சரி. ஆனா ரிகர்வ்லதான் ஆரம்பிக்கணும்ங்குறதுல எனக்கு வேற கருத்து இருக்கு.

நானும் இடையில ரொம்ப வருஷம் விட்டுட்டு திரும்ப வந்தவன்தான், இங்க அக்டோபர் 1ஆம் தேதி மானுக்கு வில் சீசன் தொறக்கும், அதுக்காகவே ஆரம்பிச்சேன். அதனால ஹன்டிங் போ எதுக்காக அப்படி இருக்குன்னு சொல்றேன், அதைப் புரிஞ்சுக்கிட்டா உங்களுக்கு எது வேணும்னு தானா தெளிஞ்சுடும். மரத்துல கட்டின மேடையிலயோ சின்னக் கூடாரத்துக்குள்ளயோ உக்காந்து அடிக்கணும், வில்லு நீளமா இருந்தா கிளையிலயும் துணியிலயும் தட்டும், அதனாலதான் 28லேர்ந்து 33 இன்ச். சத்தம் வரக்கூடாது, மான் நாண் சத்தத்துக்கே குனிஞ்சு பாஞ்சுடும். குளிர்ல மணிக்கணக்கா உக்காந்துட்டு ஒரே ஒரு அம்பு, அதுவும் பெரும்பாலும் 20, 30 கெஜத்துக்குள்ள. இது எதுவுமே தோப்புல நின்னு சாயங்காலம் நாப்பது அம்பு அடிக்கப் போற உங்களுக்குத் தேவையில்ல. டார்கெட் காம்பவுண்ட் 36லேர்ந்து 40 இன்ச் வரைக்கும் நீளமா இருக்குறதே கையில ஆடாம நிக்கணும்னுதான். நடுவுல 33, 34 இன்ச்சுல ரெண்டுக்கும் பொதுவா நிறைய மாடல் இருக்கு, உங்களுக்கு அந்த ரகம் ஒத்து வரும்.

இன்னொண்ணு, 30 இன்ச் வில்லை இழுக்கும்போது நாண் கூரா மடங்கும், விரலால புடிச்சா விரல் ரெண்டு பக்கமும் நசுங்கும். ரிகர்வ்ல மூணு விரல் பழக்கம் இருக்குற உங்களுக்கு இது பெரிய வித்தியாசம், ரிலீஸ் எய்ட் (விரலுக்குப் பதிலா நாணைப் புடிச்சு விடுற கருவி) இல்லாம அதை அடிக்கவே முடியாது. ரிலீஸ்லயும் மணிக்கட்டுல கட்டி ஆள்காட்டி விரலால தட்டுறது ஒண்ணு, கைக்குள்ள புடிச்சு கட்டைவிரலால அமுக்குறது ஒண்ணு. ஆரம்பத்துக்கு கட்டைவிரல் ரகம் நல்லது, ட்ரிகரைப் பட்டுனு தட்டுற பழக்கம் அவ்வளவா வராது.

இப்ப ஏன் நேரா காம்பவுண்ட்னு சொல்றேன்னா, லெட்-ஆஃப், அதாவது முழுசா இழுத்ததும் கேம் பாரத்தைக் குறைக்கிறது. 45 பவுண்டு வில், 80 சதவீதம் லெட்-ஆஃப்னா முழுசா இழுத்து நிறுத்தினப்புறம் கையில நிக்கிறது வெறும் 9 பவுண்டு. 26 பவுண்டு ரிகர்வ்ல குறி பாக்குற நேரம் முழுக்க அந்த பாரம் தோள்லயே நிக்கும். தோள் பிடிக்குற ஆளுக்கு எது லேசுன்னு நீங்களே பாருங்க. இங்க ஒரே வில்லுல 15, 20 பவுண்டுலேர்ந்து 70 வரைக்கும், டிரா லென்த்தும் பல இன்ச் மாத்துற மாதிரி மாடல் நிறைய வருது, ஆரம்பிக்கிறவங்களுக்கும் வளர்ற பசங்களுக்கும்னே செஞ்சது. வேகம் கொஞ்சம் குறைவு, அதனால ஒண்ணும் கெட்டுப் போகாது.

வேகம்னதும் ஞாபகம் வருது, விளம்பரத்துல நொடிக்கு 340 அடி, 350 அடின்னு போடுவான் பாருங்க, அது 70 பவுண்டு, 30 இன்ச் இழுவை, 350 கிரெய்ன் (அம்பு எடைக்கான அளவு) அம்பு வச்சு எடுத்த கணக்கு. டிரா லென்த் ஒரு இன்ச் குறைஞ்சா சுமார் 10 அடி வேகம் குறையும், பவுண்டு குறைஞ்சா இன்னும் குறையும். உங்க 26.5க்கு அந்த நம்பர் ஜென்மத்துக்கும் வராது, அதைப் பாத்து காசு கொடுக்காதீங்க.

70 பவுண்டு கட்டாயம்னு நெனைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இங்க மானுக்கு குறைஞ்சபட்சம்னு சட்டம் வச்சிருக்குற பல மாநிலத்துல அது 35, 40 பவுண்டுதான். நல்ல கூரான அம்பு, நல்ல எடம், அதுக்கு 50 தாராளம். உங்க பவுண்டு சரியான்னு பாக்க ஒரு சோதனை இருக்கு, நாற்காலியில உக்காந்து ரெண்டு காலையும் தரையிலேர்ந்து தூக்கிக்கிட்டு, அம்பு மாட்டி டார்கெட்டை நேரா பாத்து வில்லை மேல தூக்காம அப்படியே நிதானமா இழுங்க. வந்துச்சுன்னா அது உங்க வில். வானத்தைப் பாத்து தூக்கித்தான் இழுக்க முடியுதுன்னா பவுண்டு ஜாஸ்தி, அந்த நேரத்துல ரிலீஸ் தவறிச்சுன்னா அம்பு 200, 300 மீட்டர் தாண்டி எங்க போயி விழும்னு சொல்ல முடியாது, நம்ம ஊர்ல எந்தப் பக்கம் பாத்தாலும் வயல்ல ஆள் இருக்கும்.

கொள்ளிடக்கரை

வில் பத்தி பெரியவங்க சொல்லிட்டாங்க, நான் ஒரே ஒரு விஷயம். வேட்டை கூடாதுன்னு தெரியும்னு கேட்டவர் சொல்லிட்டாரு, சந்தோஷம், ஆனா இந்த இழையைப் படிக்கிற மத்தவங்களுக்காக எழுதுறேன்.

நம்ம பக்கம் இப்ப மயில் தொல்லை ஜாஸ்தி, நாத்தங்கால்ல எறங்கி மேயுது, வில்லு கையில இருந்தா சும்மா பயமுறுத்தலாம்னு தோணும். 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டத்துல வேட்டைங்குறதுக்கு அர்த்தம் கொல்றது மட்டும் இல்ல, காயப்படுத்துறது, விரட்டிப் புடிக்கிறது, பொறி வைக்கிறது, அதுக்கு முயற்சி பண்றதுகூட வேட்டைதான். மயில் முதல் அட்டவணையில இருக்கு, 3 வருஷத்துலேர்ந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில். காட்டுப்பன்னி விஷயத்துல கூட தமிழ்நாடு அரசு 2025ல போட்ட ஆணைப்படி காப்புக்காட்டுலேர்ந்து 3 கிலோமீட்டர் தாண்டின எடத்துல, அதுவும் வனத்துறை ஆளுங்கதான் சுடலாம். நாம இல்ல.

அதனால அத்தான் எந்த வில்லைக் கொண்டு வந்தாலும் கூட பிராட்ஹெட் முனை வேணாம்னு கண்டிப்பா சொல்லிடுங்க. வேட்டைக்குன்னே பிளேடு வச்ச முனை அது, டார்கெட்டையும் கிழிச்சுடும், வீட்ல புள்ளைங்க இருக்குற எடத்துல வச்சுக்கவும் கூடாது, யாராவது பாத்தா உங்க நோக்கத்தையே சந்தேகப்படுவாங்க. சாதா ஃபீல்டு பாயின்ட் போதும். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்து வயல்காரங்ககிட்டயும் ஊராட்சித் தலைவர்கிட்டயும் நேர்ல சொல்லி வச்சுடுங்க.

வயக்காட்டு_வில்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா யாரும் சொல்லுவாங்கன்னு எதிர்பாக்கல. கை அளந்து பாத்தேன் கோச் சார், 167 சென்டிமீட்டர், நீங்க சொன்ன இருபத்தாறரைக்கு கொஞ்சம் கீழதான் வருது. அத்தான்கிட்ட போன்ல கேட்டேன், அவர் வில்லுல மாட்யூல் 27 வரைக்கும்தான் இறங்குமாம், பவுண்டு 60க்கு கீழ வராது. லிம்பைப் புடிச்சிருக்குற போல்ட்டை இன்னும் லூஸ் பண்ணா 50 வரைக்கும் கொண்டு வரலாம்னு அவரு ஃப்ரெண்டு யாரோ சொன்னாராம், அது உண்மையா?

அப்புறம் தோப்புல எப்படி எடம் அமைக்குறது, டார்கெட்டுக்கு என்ன பண்றதுன்னும் சொல்லுங்க. வைக்கோல் கட்டு நம்மகிட்ட நிறைய இருக்கு.

கும்மோணம்_கோச்

போல்ட் விஷயத்துக்கு மட்டும் ஒடனே பதில், செய்யவே செய்யாதீங்க. ஒரு முழு சுத்துக்கு சுமார் 2 பவுண்டு குறையும், ஆனா கம்பெனி மேனுவல்ல எத்தனை சுத்து வரைக்கும்னு போட்டிருக்கும், அதைத் தாண்டினா லிம்ப் பாக்கெட்லேர்ந்து லிம்ப் பிச்சுக்கிட்டு வரும், அது மூஞ்சிக்கு நேரா இருக்குற சாமான். 60-70னு போட்டா 60தான் கடைசி. டிரா லென்த் 27ஐ வச்சு சமாளிக்கலாம்னு நீங்க யோசிச்சாலும் 60 பவுண்டு இன்னிக்கு உங்க தோளுக்கு ஆகாது.

நாகை_காத்து

தோப்பு விஷயத்துக்கு நான் வர்றேன், நாங்க நாலஞ்சு பேர் வேதாரண்யம் பக்கம் இதே மாதிரி தென்னந்தோப்புல வச்சுத்தான் அடிக்கிறோம்.

தூரம் அளக்க டேப்பே வேணாம், தென்னை 25 அடி இடைவெளியில வச்சிருந்தா மூணு இடைவெளி 75 அடி, கிட்டத்தட்ட 23 மீட்டர். உங்களுக்கு ஆரம்பத்துக்கு அது ஜாஸ்தியே, ரெண்டு இடைவெளி போதும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவுல, வரப்புக்கு நேரா, ஆள் நடக்குற பாதையே இல்லாத பக்கமா பாத்து வைங்க. பாளை குலைக்கு நேர் கீழ நிக்காதீங்க, இது சொல்லத் தேவையில்ல. ஆனா பலபேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு, அம்பு மரத்துல பட்டா அந்தக் காயத்தோட வாசனைக்கு சிவப்பு கூன்வண்டு வந்து முட்டை வைக்கும், குருத்து சாயுற வரைக்கும் வெளிய தெரியாது, மரமே போயிடும். கஜாவுல போனது போக நின்ன மரங்க, அதுல ஒண்ணைக் கூட இழக்க முடியாது. எங்க தோப்புல டார்கெட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்குற மரத்துக்கு ஆள் உயரத்துக்கு பழைய ரப்பர் மேட்டு சுத்திக் கட்டிருக்கோம், அப்படியும் காயம் பட்டா அன்னிக்கே வேப்பம்புண்ணாக்கும் மண்ணும் குழைச்சு அப்பிடுவோம்.

டார்கெட்டுக்கு பின்னால கண்டிப்பா மண்மேடு வேணும். ஜேசிபி வாய்க்கால் தூர்வாரும்போது ரெண்டு நடை மண்ணை அங்கயே கொட்டச் சொல்லுங்க, ஆள் உயரத்துக்கு மேல இருக்கணும், டார்கெட்டை விட ரெண்டு பக்கமும் அகலமா.

வைக்கோல் கட்டு வைக்கலாம், மெஷின்ல சுருட்டின கட்டு நல்லா இறுக்கமா இருக்கும், 25 பவுண்டு ரிகர்வுக்கு தாங்கும். காம்பவுண்டுக்கு தாங்காது, அம்பு சொருகிட்டு இறகு வரைக்கும் உள்ள போயிடும். இன்னொரு பெரிய ஆபத்து, அந்த வைக்கோலை அப்புறம் மாட்டுக்குப் போட்டுடாதீங்க. கார்பன் அம்பு உடைஞ்சா ஊசி ஊசியா சிம்பு உள்ளயே நிக்கும், மாட்டு வயித்துக்குள்ள போனா என்ன ஆகும்னு யோசிங்க. டார்கெட்டுக்கு வச்ச கட்டை தனியா பெயின்ட் அடிச்சு அடையாளம் வச்சுடுங்க, வீட்ல இருக்குறவங்களுக்கும் சொல்லி வைங்க.

நாங்க இப்ப சாக்கு மூட்டைதான் வச்சிருக்கோம். பெரிய சணல் சாக்குக்குள்ள பழைய புடவை, வேட்டி, சட்டைன்னு திணிச்சு, திணிச்சு, மிதிச்சு, கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் திணிச்சு தைச்சுடுறது. சட்டை பட்டன், ஜிப், பெல்ட் கொக்கி எல்லாம் வெட்டி எடுத்துடணும், முனை அதுல பட்டா அம்பு விரிசல் விடும். 45, 50 பவுண்டு காம்பவுண்டையே இது நிறுத்துது, அம்பை ரெண்டு விரல்ல உருவிடலாம். மழையில மட்டும் நனைய விடாதீங்க, ஐப்பசி கார்த்திகையில ரெண்டு நாள் வெளிய கெடந்தா உள்ள பூசணம் புடிச்சு நாத்தம் தாங்காது. நாங்க கப்பி போட்டு தொங்கவிட்டு அடிச்சு முடிச்சதும் கொட்டகைக்குள்ள இழுத்துடுவோம்.

அம்பை எண்ணி எடுத்துட்டு போயி எண்ணி கொண்டு வாங்க. சம்பா அறுப்புக்கு முன்னாடியே உளுந்து தெளிச்சுடுறோம்ல, தை மாசி எல்லாம் வயல் காலியா இருக்குற மாதிரி தெரியும், ஆனா செடி மறைச்சுக்கும், தவறின அம்பு அதுக்குள்ள போனா களை எடுக்க வர்ற பொம்பளைங்க காலைத்தான் குத்தும். ஒண்ணு குறைஞ்சாலும் கெடைக்கிற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போறதில்லன்னு நாங்க வச்சிருக்கோம்.

பழைய ரிகர்வை இறக்கினதும் ஒடனே நாண் ஏத்திடாதீங்க. தகர ஷீட்டுக்குக் கீழ பரண்ல பன்னெண்டு வருஷ வெயில் அது, லிம்ப்ல ஒட்டியிருக்குற பசையே விட்டிருக்கலாம். ஒரு பஞ்சை எடுத்து லிம்ப் முழுக்க, ஓரமெல்லாம் மெல்ல தடவிப் பாருங்க, எங்கயாவது பஞ்சு மாட்டுச்சுன்னா அங்க சிம்பு கெளம்பிருக்கு, அந்த லிம்ப் அவ்வளவுதான். நுனியிலேர்ந்து பாத்தா முறுக்கிக்கிட்டு இருக்கான்னும் பாருங்க. நாண் கண்டிப்பா புதுசு. கார்பன் அம்பு ஒவ்வொண்ணையும் காதுகிட்ட வச்சு வளைச்சுப் பாருங்க, சின்னதா நொறுங்குற சத்தம் வந்தா உடைச்சே போட்டுடுங்க, யாரும் எடுத்து அடிக்காம இருக்க. கடலோரம்னா ஸ்க்ரூ, பிளஞ்சர், சைட் எல்லாம் உப்புக்காத்துல பச்சை பூத்துடும், அடிச்சு முடிச்சதும் துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் பைக்குள்ள வைக்கணும்.

அப்புறம் ஊர்ல வில்லு வந்திருக்குன்னு தெரிஞ்சா பாக்க வர்றவங்க எல்லாம் இங்க குடுங்க பாப்போம்னு வாங்கி இழுத்துட்டு அப்படியே விட்டுடுவாங்க. அம்பு இல்லாம விட்டா அந்த வேகம் முழுக்க லிம்ப்லயும் கேம்லயும் எறங்கும், காம்பவுண்ட் ஒரே தடவையில கேபிள் அறுந்து லிம்ப் தெறிச்சு ஆளையே அடிச்சுடும். மாமனாரே கேட்டாலும் குடுக்காதீங்க.

வயக்காட்டு_வில்

படிச்சு முடிச்சதுமே பரண்லேர்ந்து இறக்கிட்டேன். ரைசர் 25 இன்ச், ஐ.எல்.எஃப் தான், ஸ்க்ரூல லேசா துரு, மத்தபடி சுத்தமா இருக்கு. லிம்ப்ல பஞ்சு ரெண்டு எடத்துல மாட்டுச்சு, ஒதுக்கி வச்சுட்டேன். 24 பவுண்டு லிம்ப் ஆர்டர் பண்ணப் போறேன். திங்கக்கிழமை தஞ்சாவூர்ல பிசியோகிட்டயும் நேரம் வாங்கிட்டேன்.

அத்தான்கிட்டயும் பேசிட்டேன், அவரு தப்பா எடுத்துக்கல, டிரா லென்த் விவரம் சொன்னதும் ஆமாடா நான்தான் யோசிக்கலன்னுட்டாரு. மன்னார்குடி தம்பி சொன்ன மாதிரி பவுண்டும் நீளமும் மாத்துற செகண்ட் ஹேண்ட் காம்பவுண்ட் பாத்து வாங்கிட்டு வர்றேங்குறாரு. கோச் சார் சொன்னபடி ரிகர்வ்ல தோளை சரி பண்ணிட்டு அப்புறம் அதைத் தொடுறேன். பழைய வில் வாங்கும்போது அத்தான் என்னென்ன பாக்கணும்?

மன்னார்குடி_மிச்சிகன்

நல்லது அண்ணே. அத்தானுக்கு இதை அப்படியே ஃபார்வர்ட் பண்ணிடுங்க.

மொதல்ல டிரா லென்த் 26, 26.5 ரெண்டும் அந்த மாட்யூல்லயே இருக்கான்னு கேளுங்க, பிரஸ் இல்லாம மாத்துற ரகமா இருக்கணும். ஏன்னா இங்க பத்து மைலுக்கு ஒரு கடையில பிரஸ் இருக்கும், நம்ம டெல்டாவுல நாண் மாத்தணும்னா கூட வில்லைத் தூக்கிக்கிட்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓடணும். அதே காரணத்துக்காக வர்றதுக்கு முன்னாடி அங்கயே கடையில குடுத்து புது நாண், புது கேபிள் போட்டு, உங்க நீளத்துக்கு பீப் கட்டி, 40 பவுண்டுல செட் பண்ணி கொண்டு வரச் சொல்லுங்க. நாண், கேபிள் ரெண்டு மூணு வருஷம்தான் வரும், எப்ப மாத்தினதுன்னு விக்கிறவருக்கே தெரியலன்னா பழசுன்னு வச்சுக்குங்க.

கேம் ஓரத்துல நகத்தை வச்சு ஓட்டிப் பாக்கணும், பிசிறு, பள்ளம் இருந்தா அந்த வில் யாரோ அம்பில்லாம விட்டது. லிம்ப்ல பஞ்சு சோதனை இதுக்கும் பொருந்தும். நாணை சுத்தியிருக்குற நூல் விலகி உள்ள இழை தெரியக்கூடாது.

அத்தானோட பழைய அம்பை சேத்து அனுப்ப விடாதீங்க. 70 பவுண்டு 30 இன்ச்சுக்கு அவரு வச்சிருக்குறது அனேகமா 300 இல்ல 340 ஸ்பைன் (அம்பு எவ்வளவு வளையும்ங்குற அளவு), நம்பர் குறைய குறைய அம்பு விறைப்பு, உங்க 40 பவுண்டுக்கு 500, 600 பக்கம் வரணும், அம்பு கம்பெனி சார்ட்ல உங்க நீளம், பவுண்டு போட்டுப் பாத்து ஒரு டஜன் புதுசு வாங்கச் சொல்லுங்க. எடை பவுண்டுக்கு 5 கிரெய்னுக்கு குறையவே கூடாது, நீங்க 8, 9 வச்சே வாங்குங்க, வில்லுக்கும் நல்லது, சத்தமும் குறையும். அம்பு நீளம் உங்க இழுவையை விட ஒரு இன்ச்சாவது ஜாஸ்தி இருக்கட்டும், குட்டையா இருந்தா முழுசா இழுக்கும்போது ரெஸ்ட்லேர்ந்து (அம்பு உக்கார்ற தாங்கி) உள்ள விழுந்து கையிலயே பாஞ்சுடும்.

பிளைட்ல எல்லாத்தையும் செக்-இன் லக்கேஜ்லதான் போடணும், கெட்டியான பெட்டியில, நாணுக்கு நடுவுல துணி சுத்தி. ஆலன் கீ ஒரு செட், நாண் மெழுகு, டி-லூப் (ரிலீஸ் மாட்டுறதுக்கு நாண்ல கட்டுற வளையம்) கயிறு ஒரு ரெண்டு மீட்டர், நாக் (அம்பு வால்ல நாணைக் கவ்வுற துண்டு) ஒரு டஜன் எக்ஸ்ட்ராவா அந்தப் பெட்டியிலயே போட்டுடச் சொல்லுங்க, ஊர்ல இதுக்குத்தான் அலைய வேண்டி வரும்.